குதிரை வந்தது, லாயம் வரவில்லை

ஒரகடம் சந்திப்பில் நான் டீ குடிக்கிற கடைக்கு எதிரே ஒரு கார் விளம்பரம். வண்டிப் படத்துக்குக் கீழே அதன் திறன் இத்தனை 'பிஎஸ்' என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு எழுத்து ஜெர்மன் மொழியில் 'குதிரை வலு' என்ற சொல்லின் சுருக்கம். பள்ளிக்கூடத்தில் நாம் குதிரைத்திறன் என்று படித்தது ஏறக்குறைய அதேதான். இந்த வட்டாரத்தில் நான் உயிரோடு குதிரையைப் பார்த்ததில்லை. சின்ன வயசில் மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்ததோடு சரி. குதிரையே இல்லாத ஊர், ஆனால் செய்கிற பொருளெல்லாம் குதிரைக் கணக்கில்.

இது வெறும் வேடிக்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டேவிட் ஆந்தனியின் 'தி ஹார்ஸ், தி வீல் அண்ட் லாங்குவேஜ்' புத்தகத்தை இரண்டாவது முறை படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. 2007-இல் வந்த, ஐநூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகம். குதிரை, தேர், ஆரியர் வருகை என்று இணையத்தில் எங்கே சண்டை நடந்தாலும் யாராவது ஒருவர் இதை மேற்கோள் காட்டுவார். எதிர்ப்பவரும் இதைத்தான் எதிர்ப்பார். இரண்டு தரப்பிலும் முழுசாகப் படித்தவர் குறைவு என்பது என் அனுமானம். அதனால் இந்தப் பதிவில் புத்தகத்தின் வாதத்தையும், அதில் எது நிற்கிறது எது நிற்கவில்லை என்பதையும், தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அதில் தெரிகிற ஓட்டை எது என்பதையும் சொல்லிப் பார்க்கிறேன்.

புத்தகத்தின் வாதம்

சுருக்கமாக இது. சமஸ்கிருதம், பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் கிளைத்த மூலமொழியில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் வண்டியில் கொண்டுபோவதற்கும் சொற்கள் இருந்தன. பொருள் இல்லாமல் சொல் இருக்காது. வண்டிகளின் தடயம் உலகில் சுமார் கி.மு. 3500-ஐ ஒட்டித்தான் கிடைக்கத் தொடங்குகிறது. ஆகவே அந்த மூலமொழி அதற்கு ரொம்ப முன்னால் பிரிந்திருக்க முடியாது. அதைப் பேசியவர்கள் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே இருந்த புல்வெளியில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் குதிரை இருந்தது, மாட்டு வண்டி இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் ஆற்றங்கரையை விட்டுப் புல்வெளிக்குள் போகமுடிந்தது, மந்தையைப் பெருக்கமுடிந்தது, மொழியும் பரவியது. கடைசியில், கி.மு. 2000-ஐ ஒட்டி, யூரல் மலைக்குக் கிழக்கே சின்டாஷ்டா என்ற இடத்தில் ஆரக்கால் சக்கரம் வைத்த இலகுரகத் தேரைக் குதிரையோடு புதைத்தார்கள். அங்கிருந்து கிளம்பிய வழித்தோன்றல்களே பின்னால் இந்தியாவுக்கும் ஈரானுக்கும் வந்த மொழிகளைக் கொண்டுவந்தவர்கள்.

இந்தக் கதையில் மூன்று சரக்கு இருக்கிறது: குதிரை, சக்கரம், மொழி. தலைப்பே அதுதான். மூன்றும் ஒரே லாரியில் ஏற்றி ஒரே பில்லில் அனுப்பப்பட்டது போல எழுதியிருக்கிறார். என் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் புத்தகத்துக்கு நியாயம் செய்துவிடுகிறேன்.

எது பிரமாதம்

ஆந்தனி கைவேலையை மதிக்கிற தொல்லியலாளர். சின்டாஷ்டா தேர்களில் மரம் ஒன்றும் மிஞ்சவில்லை. சவக்குழித் தரையில் சக்கரத்தின் கீழ்ப்பகுதி இறங்கி நிற்க வெட்டிய பள்ளமும், அதற்குள் மக்கிப்போன மரத்தின் கறையும்தான் சாட்சி. அந்தக் கறையிலிருந்து ஆரக்கால் எத்தனை, இரண்டு சக்கரத்துக்கு நடுவே அகலம் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அந்த அகலத்தை வைத்தே ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. பண்டைய வண்டிகளில் நிபுணர்களான லிட்டாவரும் குரோவலும் 1996-இல், சின்டாஷ்டா வண்டிகள் ரொம்பக் குறுகல், வேகமாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும், அதனால் உண்மையான போர்த்தேர் அல்ல என்றார்கள். ஆந்தனி அளவுகளை எடுத்துவைத்து, எல்லாமே அப்படிக் குறுகல் இல்லை, ஓர் ஆள் மட்டும் நின்று ஓட்டப் போதும் என்று பதில் சொல்கிறார். வண்டித் தொழிலில் இருப்பவனுக்கு இந்தப் பக்கங்கள் துப்பறியும் நாவல் மாதிரி. நாங்கள் 'டிராக் விட்த்' என்று தினமும் அளக்கிற சமாச்சாரத்தை நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய மண்கறையில் அளந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, தேர் என்பது ஒரு பொருள் மட்டும் இல்லை, ஒரு சங்கிலி என்பதைப் புரியவைக்கிறார். இலகுவான சக்கரம் செய்யத் தச்சன் வேண்டும். கடிவாளத்துக்கும் கன்னத்தட்டுக்கும் தோலும் எலும்பும் அறிந்தவன் வேண்டும். ஜோடிக் குதிரையைப் பழக்குகிறவன் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, செத்த குதிரைக்குப் பதில் அடுத்த குதிரை பிறக்கிற மந்தை வேண்டும். கி.மு. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவரின் பெயரில் ஹிட்டைட் மொழியில் ஒரு குதிரைப் பயிற்சிக் கையேடு களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. எந்த நாள் எவ்வளவு ஓட்டணும், எப்போ தீனி, எப்போ குளிப்பாட்டு என்று நாள்வாரி அட்டவணை. சுற்று எண்ணுகிற கலைச்சொற்களில் ஏக, பஞ்ச, சப்த என்பதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன. வாங்கினவர்கள் குதிரையோடு அதைப் பழக்குகிற முறையையும் வாங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பல் சொன்னது, மரபணு சொன்னது

புத்தகத்தின் பலவீனமான தூண் குதிரைச் சவாரி. ஆந்தனியும் அவர் மனைவி டோர்கஸ் பிரவுனும் ஒரு முறையை உருவாக்கினார்கள். குதிரை வாயில் கடிவாளக் கட்டை இருந்தால் அது கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்தைத் தேய்க்கும். அந்தச் சாய்வான தேய்மானத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அந்தக் குதிரைக்குக் கடிவாளம் போட்டிருந்தார்களா என்று சொல்லிவிடலாம். கயிறு, தோல், எலும்பு என்று வேறுவேறு கடிவாளம் போட்டு உயிருள்ள குதிரைகளை ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். நேர்மையான சோதனை.

ஆனால் இதன் முதல் பெரிய சாட்சியான, உக்ரைனில் டெரெய்வ்கா என்ற இடத்துக் குதிரை காலை வாரிவிட்டது. 1991-இல் சுமார் ஆறாயிரம் வருஷப் பழசு என்று அறிவித்த அந்தக் குதிரையின் எலும்பைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது அது இரும்புக் காலத்தது, மேலே கிடந்த அடுக்கிலிருந்து குழிக்குள் போனது என்று தெரிந்தது. ஆந்தனி தன் கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். புத்தகத்திலும் அதை மறைக்கவில்லை. இந்தத் துறையில் அது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்த சாட்சி கஜகஸ்தானில் சுமார் கி.மு. 3500-ஐச் சேர்ந்த போட்டாய். அங்கே குதிரை எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. 2009-இல் பானை ஓடுகளில் குதிரைப்பால் கொழுப்பின் தடயமும் காட்டினார்கள். முடிந்தது, குதிரை பழக்கிய முதல் ஊர் இதுதான் என்றார்கள். 2018-இல் மரபணு ஆய்வு வந்து வேறு கதை சொன்னது. இன்று உலகில் இருக்கிற வீட்டுக் குதிரைகள் போட்டாய்க் குதிரைகளின் வம்சம் இல்லை. மங்கோலியாவின் பிரெஷ்வால்ஸ்கி குதிரைதான் அதன் வம்சம்.

2021-இல் 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுவை வைத்து லிப்ராடோவும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட வழக்கை முடித்துவைத்தது. இன்றைய குதிரையின் தாய்வீடு வோல்கா–டான் ஆறுகளின் கீழ்ப்பகுதி. கி.மு. 2000-ஐ ஒட்டித்தான் அந்த இனம் திடீரென்று யூரேசியா முழுக்கப் பரவி மற்ற எல்லா இனத்தையும் ஒதுக்கிவிட்டது. முதுகு வலுவோடும் சாந்த குணத்தோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிற இரண்டு மரபணுக்கள் அந்த இனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 2024-இல் அதே குழுவின் அடுத்த கட்டுரை, பெரிய அளவிலான குதிரைப் பயணம் கி.மு. 2200 வாக்கில்தான் தொடங்கியது என்று இன்னும் இறுக்கிச் சொன்னது.

இதற்கு அர்த்தம் என்ன? கி.மு. 3000-ஐ ஒட்டிப் புல்வெளி மக்கள் ஐரோப்பாவுக்குள் போனபோது குதிரைமேல் ஏறிப் போனார்கள் என்ற படத்துக்கு ஆதாரம் இல்லை. அவர்கள் போனது உண்மை, மனித மரபணு அதைக் காட்டுகிறது. ஆனால் அவர்களோடு இந்தக் குதிரை போகவில்லை. குதிரையும் மொழியும் ஒரே லாரியில் ஏறவில்லை. ஆயிரம் வருஷ வித்தியாசம். ஆந்தனி விடவில்லை. 2023-இல், அந்தக் காலத்துச் சில மனித எலும்புகளில் சவாரித் தேய்மானம் இருக்கிறது என்ற கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். விவாதம் முடியவில்லைதான். ஆனால் புத்தகத்தின் தலைப்பில் முதலில் நிற்கிற சொல்லின் கீழே தரை ஆட்டம் கண்டுவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லாவிட்டால் அது நேர்மை இல்லை. அதே 2021 கட்டுரை, ஆசியப் பக்கம் மட்டும் குதிரை, ஆரக்கால் தேர், இந்தோ–ஈரானிய மொழி மூன்றும் சேர்ந்தே பரவியதாகத் தெரிகிறது என்கிறது. கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே புல்வெளி வம்சாவளி தெற்காசியாவுக்குள் வந்ததை 2019-இன் மனித மரபணு ஆய்வு காட்டியது. அதாவது ஐரோப்பாவுக்கு ஆந்தனி சொன்னது ஆட்டம் காண, இந்தியாவுக்குச் சொன்னது பெரும்பாலும் நிற்கிறது. நம்ம ஊரில் 'ஆந்தனி தோற்றுவிட்டார்' என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பாதியைப் படிப்பதில்லை.

சினௌலி: தேரா, வண்டியா?

2018-இல் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் சினௌலி கிராமத்து வயலில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, சவப்பெட்டிகளோடு இரண்டு சக்கர வாகனங்கள் மூன்று கிடைத்தன. காலம் சுமார் கி.மு. 2000-ஐ ஒட்டி. உடனே தேர் கிடைத்துவிட்டது, ஆகவே வெளியிலிருந்து யாரும் வரவில்லை என்று தலைப்புச் செய்தி. பிறகு ஆவணப்படமும் வந்தது.

விஷயத்தைப் பார்ப்போம். சக்கரத்தில் ஆரக்கால் இல்லை. கெட்டியான மரச்சக்கரம், அதன்மேல் செம்பில் முக்கோணம் முக்கோணமாகப் பதித்திருக்கிறார்கள். குதிரை எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அஸ்கோ பர்போலா 2020-இல் இவை காளை பூட்டிய வண்டிகள் என்று எழுதினார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் 1974-இல் கிடைத்த வெண்கல உருவத்தில் இதே அமைப்பு அப்படியே இருக்கிறது: நீண்ட ஏர்க்கால், ஜோடிக் காளை, கெட்டிச் சக்கரம், நின்றுகொண்டு ஓட்டுகிற ஆள்.

ஆனால் எதிர்த்தரப்பும் ஒரு தப்பு பண்ணுகிறது. 'வெறும் மாட்டு வண்டி' என்கிறார்கள். அந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது? செம்பு இழைத்த வாகனத்தைச் சவத்தோடு புதைத்தவர்களுக்கு அது வெறும் வண்டி இல்லை. காளை பூட்டினால் மதிப்பு குறைச்சல், குதிரை பூட்டினால் கூடுதல் என்பது நம்முடைய காலத்துக் கணக்கு.

தமிழில் யோசித்தால் இந்தச் சண்டையே கொஞ்சம் விநோதமாகத் தெரியும். நாம் தேர் என்று சொல்வது எது? வைகாசியில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தேரைப் பாருங்கள். ஆரக்கால் இல்லாத கெட்டிச் சக்கரம். இழுப்பது ஊர் ஜனம், வடம் பிடித்து. திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை. ஆனால் கோயில் தேர்களின் முகப்பில் முன்னங்கால் தூக்கிப் பாய்கிற குதிரைகளை மரத்தில் செய்து பொருத்துவார்கள். இழுப்பவர் மனிதர், முன்னால் நிற்பது குதிரையின் உருவம். சினௌலியையும் சின்டாஷ்டாவையும் வைத்து அடித்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை இந்தத் தேர் முன்னால் வந்து நிற்கலாம். தேர் என்ற சொல், தேர் என்ற வாகனம், குதிரை என்ற மிருகம், குதிரை என்ற கௌரவம் நான்கும் தனித்தனியாகப் பயணம் செய்யும் என்பது புரியும்.

தமிழ்நாட்டுக்கு வந்த குதிரை

ஆந்தனியின் வரைபடம் தெற்கே வருவதில்லை. அவருடைய பாடமும் அது இல்லை என்பதால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கருத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் குதிரையும் தேரும் இங்கே வந்தன, மொழி மாறவில்லை.

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. பரி, புரவி, மா, இவுளி என்று எத்தனை சொல். இவுளிக்கு உறவான சொல் பலுசிஸ்தானத்து பிராகுயி மொழியில் இருக்கிறது. தேர் என்ற சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. சக்கரத்துக்கு ஆழி, உருளி, கால் என்று நம்முடைய சொற்களே இருக்கின்றன. அச்சு மட்டும் வடமொழி 'அக்ஷ'வோடு பொதுவாக இணைக்கப்படுகிறது. ஆக, பொருளை வாங்கினார்கள், பெயரைப் பெரும்பாலும் தாங்களே வைத்தார்கள். 'சிந்துவெளியில் குதிரை இல்லை, ஆகவே அது திராவிடம்' என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களும் இங்கே யோசிக்கணும். குதிரை இருந்தால் ஆரியம், இல்லாவிட்டால் திராவிடம் என்பது அடையாள அட்டையாக இருக்குமானால், பாரியின் தேரை என்ன செய்வது? சிந்துவெளி எழுத்தும் மொழியும் தனிக் கேள்வி. குதிரையை வைத்து அதற்குப் பதில் எழுதக்கூடாது.

சரி, அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? பட்டினப்பாலை பதில் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கிய சரக்குப் பட்டியலில் கடல்வழி வந்த குதிரை இருக்கிறது. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கழித்தும் அதே கதை. 12, 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கோயில்களுக்குக் கொடை கொடுக்கிறார்கள். மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள். மந்திரியை அரசன் எதற்கு அனுப்புகிறான்? கஜானாப் பணத்தோடு துறைமுகத்துக்குக் குதிரை வாங்க. நரி பரியாகி, ராத்திரியில் மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டுப் போகிறது. பக்தர்களுக்கு அது திருவிளையாடல். எனக்கு அதில் ஒரு நாட்டின் நிதிநிலைக் கவலையும் கேட்கிறது: கொட்டிக் கொடுத்த பணமெல்லாம் மறுநாள் காலையில் லாயத்தில் இல்லை.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பாரசீக எழுத்தாளர் வஸ்ஸாஃப் பத்தாயிரம் குதிரை, ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் என்கிறார். இரண்டு பேரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மார்க்கோ போலோ கூடவே சொல்கிற ஒரு செய்தி என்னை ரொம்ப உலுக்கியது. குதிரை விற்கிற வணிகர்கள், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை இங்கே கூட்டிவருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்.

இங்கே குதிரை பெருகாததற்கு மேய்ச்சல் நிலமும் ஈரவெக்கையும் முக்கியக் காரணம். புல்வெளி இல்லாத நாட்டில் மந்தை வளராது. ஆனால் அந்தப் பயணி பார்த்ததில் பாதி உண்மை இருந்தாலும், இயற்கையோடு ஒரு வியாபாரத் தந்திரமும் சேர்ந்திருக்கிறது. கிக்குலியின் கையேட்டை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஹிட்டைட்டுகள் பழக்குகிறவனையும் சேர்த்து வாங்கினார்கள். பாண்டியர் மிருகத்தை மட்டும் வாங்கினார்கள். குதிரை வந்தது, லாயம் வரவில்லை.

இதுதான் புத்தகத்தின்மீது என் முதன்மை விமர்சனம். ஆந்தனி குதிரையை ஒரு சக்தியாகப் பார்க்கிறார்: கிடைத்தவர் வலுவானார், பரவினார். எங்கே பிறக்கிறது, யார் பழக்குகிறார், செத்தால் அடுத்தது எங்கிருந்து வரும் என்ற கேள்விகளைச் சின்டாஷ்டாவுக்குக் கேட்கிறார், மற்ற ஊர்களுக்குக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஒரே குதிரை ஓரிடத்தில் அதிகாரத்தையும் இன்னோரிடத்தில் கடனையும் கொண்டுவரும் என்று தெரிந்திருக்கும்.

ஒரு மாசம் செய்த சக்கரம்

என் தாத்தா வண்டித் தச்சர். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். வேலமரத்தில் குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டுவார். பட்டை கட்டுகிற அன்றைக்கு ஊர்ப் பசங்க எல்லாம் கூடிவிடுவோம். இரும்புப் பட்டையை வறட்டித் தீயில் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தில் ஏற்றி, குடம் குடமாகத் தண்ணி ஊத்துவார்கள். இரும்பு சுருங்கும்போது மொத்தச் சக்கரமும் 'மளுக்'கென்று ஒரு சத்தம் போட்டு இறுகும். இன்றைக்கு நான் வேலை பார்க்கிற இடத்தில் அதற்கு 'ஷ்ரிங்க் ஃபிட்' என்று பெயர். நான் முதல் நாள் பயிற்சியில் அதைக் கேட்டபோது, எனக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

வண்டிக்காரர்கள் உபரி அச்சு எடுத்துப் போவதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். உப்பு வண்டி ஓட்டுகிற உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த 'சேம அச்சு'. இன்றைக்கு நாம் ஸ்டெப்னி என்கிறோம். அதே ஔவையார் அதியமானை ஒப்பிட இன்னொரு உவமை சொல்கிறார்: ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாசம் உட்கார்ந்து செய்த ஒரே ஒரு சக்கரம். எட்டுத் தேர் என்பது உயர்வு நவிற்சிதான். ஆனால் வேகம் வேறு, தரம் வேறு, இரண்டும் ஒரே கையில் இருக்கலாம் என்று தெரிந்த சமூகத்தில்தான் இந்த உவமை எடுபடும். எத்தனை விநாடிக்கு ஒரு பீஸ் என்று போர்டில் ஓடுகிற ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் அச்சிறுபாக்கம் வரும். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் தேரின் அச்சு இற்று நின்ற இடம் என்று தலபுராணம். கடவுளின் தேருக்கே அச்சு முறிந்ததை ஊர்ப்பெயராக வைத்து ஞாபகம் வைத்திருக்கிற மண் இது. வண்டி செய்கிற அறிவு இங்கே புதுசு இல்லை. இல்லாமல் இருந்தது குதிரைதான்.

இருங்காட்டுக்கோட்டையில் 90-களின் கடைசியில் கார் ஆலை வந்தது. பிறகு ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக வந்தன. அதோடு உதிரிபாகம் செய்கிற நூற்றுக்கணக்கான பட்டறைகள். வாகனச் சோதனை மையமும் இங்கே இருக்கிறது. இது பாண்டியன் குதிரை வாங்கினது மாதிரி இல்லை என்றுதான் நம்ப ஆசை. சங்கிலியின் பல கண்ணிகள் இங்கே இருக்கின்றன: வார்ப்பு, அடிப்பு, ரப்பர், பெயின்ட், சோதனை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியதும், மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கடைசி வண்டி இறங்கியதும் நமக்குத் தெரியும். ஒரு ஆலை போனால் பின்னால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. கட்டடம் மிஞ்சினால் அது லாயம் இல்லை. இன்னொரு வண்டியை முதலிலிருந்து வரைந்து, தப்பு பண்ணி, திருத்தி, செய்யத் தெரிந்த கைகள் மிஞ்சினால்தான் மந்தை இங்கேயே குட்டி போடுகிறது என்று அர்த்தம்.

ஆந்தனியின் புத்தகத்தை நான் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் படியுங்கள். மொழியியல் அத்தியாயங்களைப் பொறுமையாக, குதிரைப்பல் அத்தியாயத்தை 2018, 2021 ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்டாஷ்டா அத்தியாயத்தை ரசித்து. யார் முதலில் குதிரை ஏறினார்கள் என்ற பந்தயத்தில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் பந்தயத்தில் ஜெயித்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. லாடம் அடிக்கத் தெரிந்தவனை யார் கூட்டிவந்தார்கள், யார் வரவிடாமல் தடுத்தார்கள் என்று பாருங்கள்.

தாத்தா செய்த கடைசி ஜோடிச் சக்கரத்தில் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பட்டை துருப்பிடித்துவிட்டது. ஆரக்கால் ஒன்றுகூட ஆடவில்லை.